ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!
வீட்டு ஜன்னலுக்கு மறைப்பு வாங்குவோர் சிந்தனைக்கு

நிறுத்தும் அளந்தும் கொடுப்பதே நம் தொழில். ஐம்பது கிராம் மிளகு கேட்டாலும் தராசு முள் நடுவில் நிற்கும்வரை பார்க்கிறோம். மொத்த வியாபாரியிடமிருந்து வரும் மூட்டையில் அரைக்கிலோ குறைந்தால் அன்றைக்கே தொலைபேசியை எடுத்து விடுகிறோம். ஆனால் நம் சொந்த வீட்டு ஜன்னலுக்கு வெயில் மறைப்பு வாங்கும்போது மட்டும், "நாலடி இருக்கும், போட்டுக் கொடுங்க" என்று கையைக் காட்டி விடுகிறோம். விளைவு? காசு கொடுத்து வாங்கிய திரை ஒருபக்கம் தொங்குகிறது. மறுபக்கம் வெயில் கட்டில் வரை வந்து படுத்திருக்கிறது.

இது சின்ன விஷயம் என்று தள்ளுவதற்கில்லை. நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே குடியிருப்பு. பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை அந்த மேல்மாடி அறை எப்படிக் கொதிக்கிறது என்பது நமக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நாம் கல்லாவில் இருக்கிறோம். அதை அனுபவிப்பவர்கள் வயதான பெற்றோரும், வீட்டுப் பெண்களும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும்தான். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெளியில் அலைபவர்களுக்கு மட்டுமன்று, வெயில் அடைந்த அறைக்குள் இருக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து உண்டு என்பதை மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். குளிர்சாதனம் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெயிலை உள்ளே விட்டுவிட்டு அதைக் குளிர்விக்க மின்கட்டணம் கட்டுவது, ஓட்டைத் தகரத்தில் எண்ணெய் ஊற்றுவது போன்றது.

என் கருத்து இதுதான்: ஜன்னலின் அளவே மறைப்பின் அளவு என்று நினைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. மறைப்பின் அளவை ஜன்னல் பாதி தீர்மானிக்கிறது. மறுபாதியைச் சூரியன் தீர்மானிக்கிறது.

எந்தத் திசை ஜன்னல்?

வீடு கட்டும்போது கொத்தனார் எல்லா ஜன்னலுக்கும் மேலே ஒன்றரை அடி சன்ஷேடு போட்டு விடுகிறார். நான்கு திசைக்கும் ஒரே அளவு. ஆனால் சூரியன் நான்கு திசைக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

தெற்கு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் தெற்கே வெயில் சாய்ந்து விழுவது மார்கழியை ஒட்டிய மாதங்களில். டிசம்பர் நடுப்பகலில் சென்னையில் சூரியன் சுமார் 53 பாகை உயரத்தில் நிற்கும். ஒன்றரை அடி சன்ஷேடு அப்போது இரண்டடி ஆழத்துக்கு நிழல் தரும். நாலடி ஜன்னலில் பாதி மறைந்துவிடும். மீதிப் பாதியில் விழும் மார்கழி வெயிலை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சித்திரை, வைகாசியிலோ உச்சிவெயில் தெற்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடு வரை சென்னையில் நடுப்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருப்பதால் வடக்கு ஜன்னலுக்கும் அந்த ஒன்றரை அடி போதும். ஆக, தெற்கு, வடக்கு ஜன்னல்களுக்காக அதிகம் செலவிட வேண்டியதில்லை. கண்கூசாமல் இருக்கவும், அடுத்த வீட்டுப் பார்வை படாமல் இருக்கவும் ஒரு துணித்திரை போதுமானது.

பிரச்சினை மேற்கில்தான். கத்திரி வெயில் நாளில், மே மாத நடுவில், மாலை 4 மணிக்குச் சென்னையில் சூரியன் ஏறத்தாழ 33 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது ஒன்றரை அடி சன்ஷேடு தரும் நிழல் ஓரடிதான். நாலடி ஜன்னலில் மூன்றடி வெயிலில் நிற்கும். 5 மணிக்குச் சூரியன் 19 பாகைக்கு இறங்கிவிடும். நிழல் அரையடியாகச் சுருங்கிவிடும். சன்ஷேடை நீட்டிக் கட்டி இதைத் தடுக்கலாம் என்றால், 4 மணி வெயிலுக்கு ஆறடியும், 5 மணி வெயிலுக்குப் பதினோரு அடிக்கு மேலும் நீட்ட வேண்டும். நடக்கிற காரியமா? நீட்டினால் பக்கத்து வீட்டாரோ, தெரு என்றால் மாநகராட்சியோ சும்மா விடுவார்களா? தெற்கே மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று போனாலும் இந்தக் கணக்கு சில பாகைகள்தான் மாறும்.

மேற்கு வெயிலுக்குத் தலைக்கு மேல் நீளும் நிழல் பயன்படாது. முகத்துக்கு முன்னால் தொங்கும் மறைப்புதான் வேண்டும். சுருட்டி ஏற்றும் மூங்கில் திரையோ, தடித்த படுதாவோ, வெயில் வலையோ எதுவானாலும் சரி. கிழக்கு ஜன்னலுக்கும் காலையில் இதே கணக்குதான். ஆனால் இரவில் ஆறிய சுவரும் காலைக் காற்றும் அங்கே நமக்குத் துணை நிற்கின்றன. பணம் ஒரு ஜன்னலுக்குத்தான் இருக்கிறது என்றால் மேற்குக்கே முதலிடம்.

உள்ளேயா, வெளியேயா?

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரையில் பட்டுச் சூடாகிறது. அந்தச் சூடு மீண்டும் கண்ணாடி வழியே எளிதில் வெளியேறுவதில்லை, அறையிலேயே தங்கிவிடுகிறது. உள்ளே தொங்கும் விலையுயர்ந்த ரோலர் பிளைண்டைவிட வெளியே தொங்கும் எளிய மூங்கில் திரை குளிர்ச்சி தருவது இதனால்தான். அழகுக்கு உள்ளே போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வெயிலுக்கு வெளியே போடுங்கள்.

அளவு எப்படி?

நாலடி அகலம், நாலடி உயரமுள்ள மேற்கு ஜன்னல். மேலே ஒன்றரை அடி சன்ஷேடு. அதன் விளிம்பிலிருந்து மறைப்பைத் தொங்க விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

உயரம்: மூன்றரை அடி போதும். மறைப்பு சுவரைவிட்டு ஒன்றரை அடி தள்ளித் தொங்குவதால், 5 மணி வெயிலிலும் அதன் நிழல் இன்னும் அரையடி கீழிறங்கி ஜன்னலின் அடிவரை எட்டும். கீழே விட்ட அரையடி வழியே காற்று வரும், தெருவும் தெரியும்.

அகலம்: நாலடி போதாது. வெயில் மூக்குக்கு நேரே வருவதில்லை. மே மாத மாலையில் சூரியன் நேர் மேற்கிலிருந்து வடக்கே விலகி நிற்கும். ஒன்றரை அடி தள்ளித் தொங்கும் மறைப்பின் வடக்கு ஓரத்தில் நாலைந்து அங்குல வெயில் நுழைந்துவிடும். எனவே பக்கத்துக்கு அரையடி கூட்டி ஐந்தடி அகலம் வைக்க வேண்டும்.

ஆக, ஜன்னல் நாலுக்கு நாலு என்றால் மறைப்பு ஐந்துக்கு மூன்றரை. உயரத்தில் குறைவு, அகலத்தில் கூடுதல். கண்ணால் மட்டம் பார்த்து வாங்குகிறவருக்கு இந்த அளவு எப்படி வரும்?

அடுத்து ஜன்னல் கதவு. நம் வீடுகளில் கம்பி உள்ளே, கதவு வெளிப்பக்கம் திறக்கும். நாலடி ஜன்னலில் இரண்டு கதவு என்றால் ஒவ்வொன்றும் 21 அங்குலம் வரை வரும். 18 அங்குலத்தில் தொங்கும் திரையில் அது முட்டும். மூன்று கதவு என்றால் ஒவ்வொன்றும் 14 அங்குலம் அளவில்தான் இருக்கும், இடைஞ்சல் இல்லை. திரை வாங்கும் முன் கதவைத் திறந்து அதன் அகலத்தை அளந்துவிடுங்கள். தள்ளித் திறக்கும் அலுமினிய ஜன்னல் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

உள்ளே, நிலைச்சட்டத்துக்கு நடுவில் ரோலர் பொருத்துகிறவர்கள் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததைக் கொடுக்க வேண்டும். உயரத்தையும் இடம், நடு, வலம் என அளந்து, மிகக் கூடியதைக் கொடுக்க வேண்டும். கொத்தனார் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் கால் அங்குலம், அரை அங்குலம் கோணல் இருக்கத்தான் செய்யும். சட்டத்துக்கு வெளியே சுவரில் மாட்டுவதென்றால் இருபக்கமும் மூன்று அங்குலமாவது கூடுதல் வேண்டும்.

துணித்திரை வாங்குவோருக்கு ஒரு சொல். ஆயத்தத் திரைகள் ஜன்னலுக்கு 5 அடி, கதவுக்கு 7 அடி, நெடுங்கதவுக்கு 9 அடி என்று வருகின்றன. உங்கள் வீட்டு ஜன்னல் அந்த அளவுக்குக் கட்டப்பட்டதா என்று பாருங்கள். திரைக்கம்பி ஜன்னலுக்கு மேலே எத்தனை அங்குலத்தில் இருக்கிறதோ அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் அடியில் பேசுகிறோம், துணிக்கடையில் மீட்டரில் வெட்டுகிறார்கள். நாலடி என்பது 122 சென்டிமீட்டர். "ஒன்று இருபது" என்று வெட்டினால் முக்கால் அங்குலம் அங்கேயே போயிற்று. மடித்துத் தைக்கும் துணியும், பருத்தி என்றால் முதல் சலவையில் சுருங்குவதும் தனி. நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும்.

விற்பவர் கடமை

வாங்குபவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. திரை, தட்டி, படுதா விற்கும் நம் உறுப்பினர்களும் இதில் சிந்திக்க வேண்டும். கரூரிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் திரைச்சீலைகள் வாங்குபவர் எழுதிக் கொடுத்த அளவுக்கு நெய்து, வெட்டி, தைத்து அனுப்பப்படுகின்றன. அளவு தவறினால் சரக்கு திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். உள்ளூர் வாடிக்கையாளருக்கு மட்டும் "இதுதான் சைஸ், எல்லாருக்கும் சரியா இருக்கும்" என்பது நியாயமா? அவர் பொருளைத் திருப்பிக் கொண்டுவர மாட்டார் என்பது உண்மைதான். அடுத்த முறை அவரே வரமாட்டார் என்பதும் உண்மை.

"வீட்டுக்கு வீடு போய் அளக்க ஆள் எங்கே?" என்று கேட்பார்கள். ஆள் தேவையில்லை. ஒரு துண்டுச் சீட்டு போதும். ஜன்னல் எந்தத் திசை, அகலம் மூன்று இடத்தில், உயரம் மூன்று இடத்தில், கதவு எத்தனை அங்குலம், சன்ஷேடு எத்தனை அங்குலம் நீண்டிருக்கிறது. இந்த ஐந்து கேள்விகளை அச்சடித்துக் கல்லாவில் வைத்துக்கொள்ளலாம். அடியும் சென்டிமீட்டரும் இருபக்கமும் உள்ள அளவு நாடா ஒன்றை இரவல் கொடுத்தனுப்பினால் அந்த வாடிக்கையாளர் நாடாவைத் திருப்பிக் கொடுக்கவாவது மறுபடி கடைக்கு வருவார். எடையளவுச் சட்டத்துக்குப் பயந்து தராசுக்கு முத்திரை வாங்குகிறோம். சட்டம் கேட்காத இடத்திலும் அளவு சரியாக இருந்தால்தான் அது வியாபாரியின் நாணயம்.

கோடை வருமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குக் கடையை அடைத்துவிட்டு மேல்மாடி மேற்கு அறைக்குப் போய் உட்காருங்கள். வெயில் எந்த ஓரத்தில் நுழைகிறது, எதுவரை நீளுகிறது என்று தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். பிறகு நாடாவை எடுங்கள். பணத்தை ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். வெயிலைத் தடுக்கப் போடும் பணத்தை அளக்காமல் போடலாமா?