திறன்களைக் குறைக்கலாம், தேவையை அல்ல

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து ஒரு விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமானால், அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்தாக வேண்டும். அங்கே மணல் மேடிட்டிருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். காற்றையும் நீரோட்டத்தையும் கணிக்க வேண்டும். இஞ்சின் நின்றுபோனால் கிளப்ப வேண்டும். கிழிந்த வலையை முடைய வேண்டும். அத்தனையிலும் கைதேர்ந்த ஒரே ஆள் கிடைப்பது அபூர்வம் என்பதால்தான் படகில் பல பேர் போகிறார்கள். இதே தொழில் ஒரு மாயாஜால உலக வீடியோ கேமுக்குள் போனால், பெரும்பாலும் 'மீன்பிடித்தல்: 40' என்ற ஒரே எண்ணாகச் சுருங்கிவிடும். சுருக்கத்தான் வேண்டும், வாழ்க்கையை அப்படியே கொட்டினால் அது விளையாட்டாக இருக்காது. ஆனால், எதைச் சுருக்குகிறோம் என்பதில் கடந்த முப்பது ஆண்டுகளாக இந்தத் துறை தடுமாறிக்கொண்டே இருக்கிறது.

பாத்திரமேற்று விளையாடும் கேம்களில் இந்தத் தடுமாற்றத்தைப் பார்க்க 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசை ஒன்று போதும். 1996இல் வந்த 'டாகர்ஃபால்' விளையாட்டில் 35 திறன்கள். 2002இல் 'மாரோவிண்ட்' அதை 27 ஆக்கியது. 2006இல் 'ஒப்ளிவியன்' 21 ஆக்கியது. 2011இல் 'ஸ்கைரிம்' 18 போதும் என்றது. வலிமை, அறிவு, சுறுசுறுப்பு என்று முன்பு இருந்த எட்டு அடிப்படைப் பண்புகளையும் தூக்கிவிட்டு, உடல்நலம், மந்திர சக்தி, தெம்பு ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டது. மாரோவிண்டில் நீள வாள், குறுவாள், கோடரி, தண்டாயுதம், ஈட்டி எல்லாம் தனித்தனித் திறன்கள். ஸ்கைரிமில் ஒற்றைக் கை ஆயுதம், இரட்டைக் கை ஆயுதம், அவ்வளவுதான். இடையில் ஈட்டி காணாமலே போய்விட்டது. வேலைக் கும்பிடும் நமக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருப்பதில் தப்பில்லை.

பழைய ரசிகர்கள் இந்த எண்களைக் காட்டி, ஒவ்வொரு குறைப்பும் ஒரு வீழ்ச்சி என்கிறார்கள். அதை ஏற்க முடியாது. இந்த வகை கேம்களுக்கெல்லாம் தாய்வீடான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டின் மூன்றாம் பதிப்பில் ஒளிந்துகொள்வது ஒரு திறன், சத்தமில்லாமல் நடப்பது வேறொரு திறன். பதுங்கிப் போகிற திருடனுக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும். ஒன்றை மட்டும் வளர்ப்பவன் யாருமில்லை. பிந்தைய பதிப்புகள் இரண்டையும் ஒன்றாக்கியபோது யாருடைய தேர்வும் பறிபோகவில்லை. ஒப்ளிவியனில் கதை இன்னும் மோசம். நீங்கள் லெவல் ஏறினால் எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். ஒவ்வொரு லெவலிலும் பண்புகளை முழுதாக உயர்த்த வேண்டுமென்றால், எந்தத் திறன் எத்தனை முறை உயர்ந்தது என்று எண்ணிக்கொண்டே விளையாட வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள், தாங்கள் பயன்படுத்தவே போகாத திறன்களை முதன்மைத் திறன்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். வீரனாக நடிக்க வந்தவனைக் கணக்கப்பிள்ளையாக்கியது அந்த முறை. 2025 ஏப்ரலில் ஒப்ளிவியனின் புதுப்பித்த பதிப்பு வந்தபோது, 21 திறன்களும் எட்டுப் பண்புகளும் அப்படியே இருந்தன. போனது அந்தக் கணக்கு வழக்கு மட்டும்தான். லெவலுக்கு 12 புள்ளிகளை ஆட்டக்காரரே பகிர்ந்து போட்டுக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. தொல்லை கொடுத்தது திறன்களின் எண்ணிக்கை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் ஸ்கைரிம் இழந்தது என்ன? பட்டியலில் தேடினால் கிடைக்காது. அது உலகம் உங்களிடம் கேட்கும் கேள்விகளில் இருக்கிறது. மாரோவிண்டில் மந்திரவாதிகள் சங்கத்தில் ஒரு படி உயர வேண்டுமானால், சங்கம் மதிக்கும் பண்புகளும் திறன்களும் குறிப்பிட்ட அளவை எட்டியிருக்க வேண்டும். எட்டாவிட்டால், எத்தனை வேலை செய்து கொடுத்தாலும் பதவி உயர்வு கிடையாது. ஸ்கைரிமின் வின்டர்ஹோல்ட் கல்லூரியிலோ, வாசலில் ஒரு மந்திரத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, மற்றதையெல்லாம் பெரும்பாலும் வாளாலேயே முடித்து, தலைமை மந்திரவாதி நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம். 18 திறன்கள் இருக்கின்றன. ஆனால் அவை இல்லை என்பதற்காக மூடிக்கொள்ளும் கதவுகள் மிகக் குறைவு. தெரியாதவனுக்கும் தெரிந்தவனுக்கும் ஒரே வரவேற்பு என்றால், தெரிந்துகொண்டதன் மதிப்பு எங்கே?

ஸ்கைரிம் ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதே, மக்கள் எளிமையைத்தானே விரும்புகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விற்றதற்குக் காரணம் திறன் பட்டியல் சுருங்கியதா, கண்ணுக்கு எட்டிய மலைக்கெல்லாம் நடந்தே போகலாம் என்ற சுதந்திரமா என்பதை விற்பனை எண் சொல்லாது. மறுபக்கம், 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' மேசை விளையாட்டின் விதிகளை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டது. 12 பாத்திர வகுப்புகள், 18 திறன்கள். பேச்சுவார்த்தையின் நடுவில் பகடை உருள்வதைக்கூடத் திரையிலேயே காட்டியது. கூட்டம் அலறி ஓடவில்லை. அந்த ஆண்டின் சிறந்த கேம் விருது அதற்குத்தான் கிடைத்தது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2012இல், கிளைகளாக விரியும் தன் திறன் மரங்களை வெட்டிவிட்டு, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற எளிய வரிசைகளை வைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2022இல் மரங்களை மறுபடி நட்டது.

வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் விளையாடுபவருக்கு இவ்வளவு படிக்க நேரம் ஏது என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதிலும் எல்லா விளக்கமும் ஆங்கிலத்தில் இருக்கும்போது நம்மூர் ஆட்டக்காரருக்குச் சுமை இரட்டிப்பு. இதற்கு மருந்து தெளிவான விளக்கமும் தமிழாக்கமும். விளைவுகளை வெட்டுவது அல்ல. டொரன்டோவில் தமிழர் உருவாக்கி 2023இல் வெளியான 'வெண்பா' கேமில் ஒரு திறன் எண்கூடக் கிடையாது. ஆங்காங்கே அழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லித் தட்டுகளைச் சரியாக அடுக்குவது போன்ற வேலைகள்தான். யோசிக்காமல் அடுக்கினால் இட்லி வேகாது. அந்தச் சின்ன விளையாட்டு கேட்கும் கேள்வியைப் பல பெரிய கேம்கள் கேட்பதில்லை.

அறுபத்து நான்கு கலைகள் என்று நம்மிடமும் ஒரு பட்டியல் உண்டு. சமையலும் சூதாட்டமும்கூட அதில் இருக்கும். நம் புராணங்களை வைத்து கேம் எழுத உட்காரும் இளைஞர்களுக்கு அதை அப்படியே திறன் பட்டியலாக்கும் ஆசை வரலாம். தாராளமாக எழுதுங்கள். ஒவ்வொரு கலைக்கும் எதிரே, அது தெரியாதவனுக்கு எந்தக் கதவு திறக்காது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அப்படி எழுத வராத கலைகளை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது ஒன்பதானாலும் சரி, அறுபத்து நான்கானாலும் சரி.