வீடு கட்டாமல் ஊர் வளராது

நாற்பது தாண்டிய ஒரு பேங்க் ஆபீசர், ராத்திரி பதினோரு மணிக்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து "ஐயோ, விறகு தீரப் போகுதே!" என்று புலம்பினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? என் வீட்டம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது. :-)

எல்லாம் பையனால் வந்த வினை. பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் 'பேனிஷ்ட்' என்று ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். 2014 பிப்ரவரியில் வந்தது. லூக் ஹோடோரோவிச் என்ற ஒரே ஆள் செய்த விளையாட்டு. எங்கிருந்தோ துரத்தப்பட்ட நாலைந்து குடும்பங்கள் காட்டுக்கு நடுவில் வந்து நிற்கும். பழைய ஐரோப்பிய கிராமம் மாதிரி ஓர் ஊரை நாம் உண்டாக்கித் தர வேண்டும். சண்டை கிடையாது, காசுகூடக் கிடையாது, வியாபாரம் எல்லாம் பண்டமாற்றுதான். சாப்பாடு, விறகு, உடுப்பு, வேலைக்குக் கருவி. இவ்வளவையும் சமாளித்து ஜனத்தொகையைப் பெருக்கினால் நீங்கள் கில்லாடி.

பி.காம். படித்து, இருபது வருஷமாக அடுத்தவர் கணக்கைப் பார்க்கிறவனுக்கு இது என்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். வரிசையாக மூன்று ஊர்களைக் காலி செய்தேன்.

முதல் ஊரில் நான் ரொம்ப ஜாக்கிரதை. களஞ்சியம் நிறையட்டும், அப்புறம் வீடு கட்டலாம் என்று இருந்தேன். களஞ்சியம் நிறைந்தது, ஜனத்தொகை மட்டும் ஏறவே இல்லை. பையன்தான் விளக்கினான். இந்த விளையாட்டில் காலி வீடு இருந்தால்தான் இளசுகள் ஜோடி சேர்ந்து தனிக்குடித்தனம் போவார்கள், குழந்தை பிறக்கும். வீடு இல்லையென்றால் அப்பா அம்மாவோடேயே இருந்துவிடுவார்கள். அங்கே ஒரு வருஷம் ஓடினால் ஆட்களுக்கு ஏறத்தாழ 5 வயது கூடிவிடுகிறது. நாலு வருஷம் யோசித்தால் இருபது வயதுப் பையனுக்கு நாற்பது ஆகிவிடும். அதற்குப் பிறகு வீட்டைக் கட்டிக் கொடுத்து என்ன பயன்? பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, நிறைந்த களஞ்சியத்தோடு ஊர் அடங்கியது.

இரண்டாவது ஊரில் ரோஷத்தோடு ஒரேயடியாகப் பதினைந்து வீடு கட்டினேன். ஊரெல்லாம் கல்யாணம், ஊரெல்லாம் தொட்டில். ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 100 அளவு சாப்பாடு வேண்டும். குழந்தை சாப்பிடும், வேலை செய்யாது. பள்ளிக்கூடம் போட்டால் வேலைக்கு வருவது இன்னும் தள்ளிப்போகும். பஞ்சம் வந்தது. பயந்துபோய் வீடு கட்டுவதையே நிறுத்தினேன். பஞ்சம் தாண்டியது, ஆனால் சேர்ந்து பிறந்த அந்தக் கூட்டம் சேர்ந்தே கிழடானது, சேர்ந்தே போனது. பின்னால் அவர்கள் இடத்துக்கு வர ஆள் இல்லை. வயலில் விளைந்தது அறுக்கக் கை இல்லாமல் அப்படியே நின்றது.

அந்த ஊரின் ஜனத்தொகை வரைபடத்தைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே? எங்கள் பேங்க்கில்தான்!

1969-ல் 14 வங்கிகள், 1980-ல் 6 வங்கிகள் தேசியமயமாயின. கிளைகள் பெருகின, கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்தார்கள். தொண்ணூறுகளில் ஆள் எடுப்பது வெகுவாகக் குறைந்தது. 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் 1 லட்சம் பேர் வெளியே போனார்கள். நான் வேலையில் சேர்ந்தபோது கிளையில் இருந்தவர்கள் ஐம்பதைத் தொட்டவர்கள், இல்லையென்றால் என்னைப் போன்ற பொடியன்கள். நடுவில் ஆளே இல்லை. 2010-களில் அந்தப் பெரியவர்கள் வரிசையாக ரிட்டயர் ஆனார்கள். ஒரு கடன் ஃபைலில் எந்தத் தாளை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லாமல் நாங்கள் தடவிய தடவல் எங்களுக்குத்தான் தெரியும். ஆள் சேர்ப்பதை நிறுத்தினால் அந்த வருஷம் செலவு மிச்சம்தான். பில் வருவது இருபது வருஷம் கழித்து.

மூன்றாவது ஊர் நாடோடிகளால் போனது. நாம் நகர மன்றம் கட்டினால் அவ்வப்போது வெளியாட்கள் கூட்டமாக வந்து வாசலில் நிற்பார்கள். சேர்ப்பதும் விரட்டுவதும் நம் இஷ்டம். ஜனத்தொகை சட்டென்று ஏறும். ஆனால் அவர்கள் படிக்காதவர்கள், சில சமயம் நோயையும் கொண்டு வருவார்கள். ஆஸ்பத்திரியும் இல்லாமல், உபரிச் சாப்பாடும் இல்லாமல் சேர்த்துக்கொண்டேன். பழைய ஆள், புது ஆள் எல்லாரும் போனார்கள்.

"இனிமே நாடோடியே வேண்டாம்டா" என்றேன். பையன் திரும்பிப் பார்த்து, "நாம யாருப்பா?" என்றான்.

ராய்ப்பூர், பாட்னா, நாக்பூர் என்று மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுகிறவன் நான். சட்டென்று பதில் வரவில்லை.

நாடோடி என்றதும் ஒரு ஞாபகம். இதற்கு முன்னால் இருந்த ஓர் ஊரில் தமிழர் சங்கம் ஒன்று உண்டு. பெயர் வேண்டாம். எழுபதுகளில் வேலைக்கு வந்தவர்கள் ஆரம்பித்தது. நல்ல மனிதர்கள். போன புதிதில் எங்களுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்கள்தான். ஆனால் நிர்வாகத்தில் எல்லோரும் எழுபதை நெருங்கியவர்கள். அவர்கள் பிள்ளைகள் புனே, பெங்களூர் என்று போயாயிற்று. அதே ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் கட்டட வேலையிலும் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். உறுப்பினராக வேண்டுமென்றால் இரண்டு பழைய உறுப்பினர் சிபாரிசு வேண்டும், ஓட்டுப் போட ஐந்து வருஷம் ஆக வேண்டும். "கொஞ்சம் தளர்த்தலாமே சார்" என்றேன். "முதல்ல ஹாலுக்கு நிதி சேரட்டும் தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். டெபாசிட் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு பிள்ளைகள் இல்லாமல் நின்றது. என் பையன் உயிர்மெய் எழுத்து பாதியில் விட்டது அங்கேதான். இன்றுவரை பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாது.

அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். டிரான்ஸ்ஃபர் வரப்போகிறது, நமக்கென்ன என்று நானும் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

என்னைக் கேட்டால், வெளியூரில் சங்கம் நடத்துகிறவர்களும், குடியிருப்பில் பொங்கல் கமிட்டி போடுகிறவர்களும் இந்த விளையாட்டை ஒரு மாதம் ஆட வேண்டும். இடம் இருந்தால்தான் ஆள் வருவார்கள். ஆள் வரட்டும், அப்புறம் இடம் தரலாம் என்றால் யாரும் வரமாட்டார்கள். அதற்காக ஒரே நாளில் எல்லாப் பொறுப்பையும் தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. அது இரண்டாவது ஊர்க் கதை ஆகிவிடும். வருஷத்துக்கு இரண்டு பொறுப்பு, முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு. பெரியவர்கள் பக்கத்தில் இருந்து சொல்லித்தரட்டும். புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே ஒரு வேலை. தவறாமல், ஒவ்வொரு வருஷமும்.

நான்காவது ஊர் இப்போது பரவாயில்லை. ஒரு வருஷச் சாப்பாடு எப்போதும் கையிருப்பு, ஆஸ்பத்திரி தயார், வருஷத்துக்கு இரண்டு வீடு. ஜனத்தொகை 212. நேற்று வாசலில் பதினெட்டு நாடோடிகள் வந்து நின்றார்கள். சேர்த்துக்கொண்டேன்.

பி.கு: நாக்பூரில் ஞாயிறு காலை எங்கள் வீட்டு ஹாலில் தமிழ் எழுத்து வகுப்பு ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை மூன்று பிள்ளைகள். நான்காவது மாணவன் என் பையன், மீசை முளைத்தவன், கூச்சத்தோடு கடைசியில் உட்காருகிறான்.