பல தட ஒலியும் இணைப்புக் கம்பியும்

1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு வாத்தியக் குழு இசைத்தது. கேட்டவர்களோ வாஷிங்டனில், கான்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் அமர்ந்திருந்தனர். பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் மேடைமுன் மூன்று ஒலிவாங்கிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி, தனிப் பெருக்கி, தனி ஒலிபெருக்கி என அமைத்திருந்தனர். மேடையின் இடப்புறத்து ஒலி இடப்புறமிருந்தே வந்தது. குழுவின் தலைவர் ஸ்டோகோவ்ஸ்கி வாஷிங்டனில் இருந்தபடியே ஒலியளவைச் சீர்செய்தார்.

மூன்று ஒலிக்கு மூன்று பாதை என்ற அந்தத் தெளிவு இன்று கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கணிப்பொறியிலிருந்து புறப்படும் ஒரே கம்பிக்குள் எட்டுத் தடங்களும் அடங்கக்கூடும், இரண்டே அடங்கவுங்கூடும். ஐந்து ஒலிபெருக்கிகளையும் ஒரு தாழொலிப் பெட்டியையும் வாங்கிப் பொருத்திய பின்னர், இரண்டு மட்டுமே ஒலிக்கின்றன என்ற குறை எழுவதுண்டு. பழி பெரும்பாலும் பெருக்கியின்மீது விழுகிறது. பெருக்கியோ நிரபராதி.

ஒரு தடத்து ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 இரும எண்களால் குறித்தால், வினாடிக்கு ஏறத்தாழ 11.5 லட்சம் இரும எண்கள் ஆகின்றன. வீட்டு உபயோகத்திற்கான ஒளியிழை இணைப்பு, சுருக்கப்படாத நிலையில் இவ்வாறான இரண்டு தடங்களுக்கென்றே வகுக்கப்பட்டது. ஆறு தடங்களை அதன்வழி அனுப்ப வேண்டுமாயின், டால்பி போன்ற ஒரு முறையில் அவற்றைச் சுருக்கியே அனுப்ப வேண்டும். 2002-இல் வெளிவந்த எச்.டி.எம்.ஐ. இணைப்போ எட்டுத் தடங்களைச் சுருக்காமலே கொண்டு செல்லும். ஆகவே, ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையை மட்டும் குறித்து இணைப்பின் வகையைக் குறிக்காத கொள்முதல் பட்டியல் குறையுள்ளதே.

இதனினும் நுட்பமான தொல்லை ஒன்றுண்டு. ஒவ்வொரு கணிப்பொறியின் ஒலிச் சாதனத்துக்கும் ஒரு படிகக் கடிகாரம் உண்டு. எந்த இரண்டும் முற்றிலும் ஒத்து ஓடுவதில்லை. முன்புற ஒலிபெருக்கிகளை ஒரு கணிப்பொறியும் பின்புறத்தவற்றை வேறொன்றும் இயக்குவதாகக் கொள்வோம். இரு கடிகாரங்களுக்கிடையே 20,000-இல் ஒரு பங்கு வேற்றுமை இருப்பினும், ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடி இடைவெளி விழுந்துவிடும். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், இது ஓர் ஒலிபெருக்கியை 62 மீட்டர் அப்பால் தூக்கி வைத்ததற்கு ஒப்பாகும். தொடக்கத்தில் ஒன்றாய்க் கேட்ட சொல், முடிவில் எதிரொலியாகிவிடுகிறது! தடங்கள் யாவும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுவதன்றி இதற்கு வேறு பரிகாரமில்லை. வலையமைப்பின் வழியே ஒலியை அனுப்புவதற்கு 2013-இல் வெளியிடப்பட்ட ஏ.இ.எஸ். 67 என்னும் பொது நியமம் இதற்கு வகை செய்கிறது. வெவ்வேறு உற்பத்தியாளர்களின் கருவிகளையும் அது இணைக்கவல்லது. பொதுப் பணத்தில் வாங்கும் நிலையங்கள், ஒரே உற்பத்தியாளரிடம் என்றென்றும் கட்டுண்டு கிடக்காதிருக்க, இத்தகைய பொது நியமத்தைக் கேட்டுப் பெறுவதே முறை.

சொற்பொழிவு மட்டுமே நிகழும் வகுப்பறைக்கு இவை எதுவும் வேண்டா. தக்க இடத்தில் வைத்த ஒற்றைத் தட ஒலியே அங்குப் போதும். மிஞ்சும் பணத்தைச் சுவரின் எதிரொலியைக் குறைக்கச் செலவிடலாம். பல தடம் மெய்யாகவே தேவைப்படும் கூடங்களில், ஒவ்வொரு தடத்திலும் அதன் பெயரையே உரைக்கும் குரலை முறையே ஒலிக்கச் செய்து, எல்லாத் தடங்களிலும் ஒருசேரத் தட்டொலி ஒன்றையும் எழுப்பி, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் சோதித்த பின்னரே விலைப்பட்டியலில் கையொப்பமிட வேண்டும்.