வாசலைக் காணவில்லை

என் பெரியம்மா வெள்ளவத்தையிலே ஒரு தொடர்மாடிக் குடியிருப்பின் ஆறாவது மாடியில் வசிக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. முழங்கால் நோவும் உண்டு. ஊரிலே அவர் வாழ்ந்த வீட்டிற்கு முன்வாசல், பின்வாசல், வேலிப் பொட்டு என்று வெளியேறப் பல வழிகள் இருந்தன. கொழும்பு வீட்டிலிருந்து அவர் வெளியேற இருப்பது ஒரே வழி: மின்தூக்கி. வெள்ளிதோறும் அதிலேறித்தான் அவர் கீழிறங்கிக் கோயிலுக்குப் போய்வருவார்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடி அந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டது. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். மின்பிறப்பாக்கியை இயக்க டீசலும் கிடைக்கவில்லை. அந்நாள்களில் ஒருமுறை, நூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறி, மூச்சிரைக்க அவர்முன் போய் நின்றேன். அவர் சிரித்தபடியே, "தம்பி, வீடு இருக்கு, வாசலைத்தான் காணேல்லை" என்றார்.

சிரித்துக்கொண்டு சொன்ன சொல்தான். ஆயினும் அதனுள் இன்றைய நகர வாழ்வின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

மின்தூக்கி தோன்றுமுன் மனிதனுடைய கால்களே வீட்டின் உயரத்தை அளந்தன. ஐந்தாறு மாடிகளுக்கு மேல் கட்டுவதிற் பயனில்லை. பழைய உரோமாபுரியின் மாடிவீடுகளில் வசதி படைத்தோர் கீழ்த்தளங்களிலும் ஏழைகள் உச்சியிலும் குடியிருந்தனர். பாரிசு நகரிலும் கூரைக்கு அடியிலிருந்த சிற்றறைகள் பணியாளருக்கே உரியனவாயின. ஏறுகின்ற துன்பம் எளியவனுக்கு என்பதே நியதியாயிருந்தது.

பாரம் தூக்கும் பொறிகள் முன்னரே இருந்தன. கயிறு அறுந்தால் என் செய்வது என்ற அச்சமே மனிதர் அவற்றில் ஏறுவதைத் தடுத்தது. எலிசா ஓற்றிஸ் என்னும் அமெரிக்கர் 1854இல் நியூயோர்க் பொருட்காட்சியொன்றில் அந்த அச்சத்தைப் போக்கினார். உயரத் தூக்கப்பட்ட மேடையொன்றில் தாமே நின்றுகொண்டு, அதனைத் தாங்கிய கயிற்றை வெட்டுவித்தார். மேடை விழவில்லை. கயிறு தளர்ந்தவுடன் மேடைமேலிருந்த வில் விரிந்து, இருபக்கத்துப் பற்சட்டங்களிற் கொளுவிக்கொண்டது. 1857இல் அதே நகரின் கடையொன்றில் ஆட்களை ஏற்றும் தூக்கி நீராவியால் இயங்கிற்று. 1880இல் சேர்மனியைச் சேர்ந்த சீமென்ஸ் மின்சாரத்தால் இயங்கும் தூக்கியைக் காட்டினார். 1885இல் சிக்காகோவிலே இரும்புச் சட்டகத்தின்மேல் 10 மாடிக் கட்டடம் எழுந்தது.

இவற்றோடு பழைய நியதி தலைகீழாயிற்று. காற்றும் ஒளியும் கடற்காட்சியும் உள்ள உச்சிமாடியே விலையுயர்ந்ததாயிற்று.

கொழும்பும் இவ்வழியிற் செல்கிறது. வெள்ளவத்தையின் பெயரை ஒருகாலத்தில் நூற்பு நெசவாலை ஒன்று நாடறியச் செய்தது. அதன் தொழிலாளர் 1933இல் நடத்திய வேலைநிறுத்தம் நம் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. அந்த ஆலை நின்ற நிலத்திலே இன்று 'ஹவ்லொக் சிற்றி' என்னும் மாடிக் குடியிருப்புகள் வானை நோக்கி நிற்கின்றன. மறுபுறம், தரையோடு தரையாக நெருங்கி வாழ்ந்த எளிய குடும்பங்களும் பொரளைப் பக்கத்துச் சகஸ்புர போன்ற 14 மாடிக் கட்டடங்களில் குடியேற்றப்பட்டுள்ளன. செல்வரும் வறியரும் இன்று ஒரே வகைக் கயிற்றில் தொங்குகின்றனர். பழுது பார்க்கப் பணமுள்ளவருக்கு அது விரைவில் ஓடும். இல்லாதவர் இடியப்பத் தட்டையும் சமையல் வாயுக் கொள்கலனையும் சுமந்துகொண்டு படியேற வேண்டும்.

பெரியம்மாவின் குடியிருப்பிலே அந்நாள்களில் ஒரு கூட்டம் நடந்தது. எப்படியோ தேடிப்பெற்ற சிறிதளவு டீசலுக்கு யார் பணங்கொடுப்பது என்பதே கேள்வி. "நாங்கள் மின்தூக்கியில் ஏறுவதேயில்லை, எதற்காகக் கொடுக்க வேண்டும்?" என்றனர் கீழ்த்தளத்தார். நியாயம் போலத் தோன்றும் வாதந்தான். ஆனால் மாடிவீடுகளின் உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி மின்தூக்கி, படிக்கட்டு, கூரை யாவும் பொதுச் சொத்துகள். கூரை ஒழுகினால் கீழ்த்தளத்தார் நனைவதில்லை என்று மேல்மாடியார்மட்டும் அதனைத் திருத்துவதா? ஈற்றில் எல்லோரும் பணமிட்டனர். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி மின்தூக்கி ஓடிற்று. நோயாளரும் முதியோரும் முதலில் ஏறுவது என்றும் முடிவாயிற்று.

பொறியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அது இல்லையேல் பெரியம்மா கடற்காற்றை அறிந்திருக்கவே மாட்டார். ஆனால் மாடிவீடு வாங்குவோர் அறைகளை எண்ணுவதோடு நில்லாது, மின்சாரம் நின்றால் மின்தூக்கி எவ்வளவு நேரம் ஓடும், பராமரிப்பு நிதி உண்டா, படிகளில் வெளிச்சமும் கைபிடியும் உண்டா என்றும் கேட்க வேண்டும். வயது முதிர்ந்த பெற்றோருக்கு வீடு தேடுவோர் கடற்காட்சியைச் சற்றே மறந்து, முதல் மாடியை நாடுவது நன்று.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, அந்த அரைமணி நேரத்தில் பெரியம்மா கீழிறங்கிக் கோயிலுக்குப் போனார். திரும்பி வரும்போது நேரம் கடந்துவிட்டது, மின்தூக்கி நின்றுவிட்டது. கீழ்த்தள வீட்டார் கதவைத் திறந்து, கதிரை போட்டு, தேநீரும் கொடுத்து, காலைவரை அவரைத் தம்முடனே வைத்திருந்தனர். கூட்டத்திலே பணங்கொடுக்க மறுத்தவர்களும் அவர்களேதாம்.