எறையூரின் இரண்டு ஆலயங்கள்

சமகாலப் பண்பாட்டின் நடுவே கிறித்தவ விசுவாசத்தை வாழ்ந்து காட்டுவது எப்படி என்ற கேள்வி எழும்போதெல்லாம் பதில்கள் ஒரே தடத்தில் செல்வதைப் பார்க்கிறோம். தொலைக்காட்சி, கைபேசி, திரைப்படம், குடி, மணமுறிவு, கருக்கலைப்பு. மறையுரைகளும் தியானக் கூட்டங்களும் இவற்றைச் சுற்றியே நிகழ்கின்றன. இவற்றுள் எதையும் அற்பம் என்று ஒதுக்குவதற்கில்லை. குறிப்பாகக் குடியை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, அதைப் பற்றி எந்தப் பீடத்திலிருந்து பேசினாலும் நாம் கேட்கக் கடமைப்பட்டவர்களே.

ஆனால் இந்தப் பட்டியலுக்கு அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. விசுவாசம் உள்ளே தூயதாக இருக்கிறது, கேடு வெளியிலிருந்து, அதுவும் புதிதாக வருகிறது என்ற அனுமானம். கருணாபுரம் இருக்கும் அதே மாவட்டத்தில், கிழக்கே உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கும் எறையூர் என்ற ஊர் இதைத் தலைகீழாக்கிவிடுகிறது.

எறையூர் பழைய கத்தோலிக்க ஊர். செபமாலை மாதா ஆலயம் அதன் அடையாளம். புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஊரில் பெரும்பான்மையினர் வன்னியக் கிறித்தவர்கள். தலித் கிறித்தவர்கள் சிறுபான்மையினர். ஆலயத்தில் தனி இடம், தனிக் கல்லறை, தங்கள் சவ ஊர்வலம் ஆலயத்துக்குச் செல்லும் முதன்மைச் சாலையில் வர முடியாத நிலை ஆகியவையே தலித் மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த குறைகள். அன்றைய பத்திரிகைகளும் இவற்றைப் பதிவு செய்தன. ஒரு கட்டத்தில் அவர்கள் சமத்துவம் கேட்பதை நிறுத்திவிட்டு, தங்கள் பகுதியிலிருக்கும் சகாய மாதா ஆலயத்தைத் தனிப்பங்காக அறிவிக்குமாறு கேட்டனர். 2008 மார்ச்சில் அதற்காக உண்ணாவிரதம் இருந்தனர். மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் இருவர் இறந்தனர். இருவரும் வன்னியக் கிறித்தவர்கள். நடந்தது தவக்காலத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எறையூர் அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதனுள் வந்தது. மாவட்டத்தைப் பிரிப்பதில் எவருக்கும் இறையியல் சிக்கல் ஏற்படவில்லை. பங்கைப் பிரிப்பதில்தான் ஏற்பட்டது.

அந்தச் சிக்கலை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். திருச்சபைச் சட்டத்தில் பங்கு என்பது பொதுவாக நிலப்பரப்பைச் சார்ந்தது. வழிபாட்டு முறை, மொழி போன்ற காரணங்களுக்காக விலக்குகள் உண்டு. சாதியின் பெயர் அங்கே இல்லை. சாதிக்கொரு பங்கு என்று ஓர் ஆயர் கையொப்பமிட்டால், இதுவரை தெருவில் இருந்த கோடு திருச்சபையின் பதிவேட்டில் ஏறிவிடும். ஒரே அப்பத்தைப் பகிர்பவர்கள் ஒரே உடல் என்ற நற்கருணைக் கோட்பாடே அங்கே பொய்யாகிவிடும். இந்த வாதத்தின் முன் நாமும் சற்று நின்றுதான் கடக்க வேண்டியிருக்கிறது.

எனினும் கடந்துவிடுகிறோம். காரணம், ஒற்றுமை குலையும் என்று அஞ்சியவர்களில் எவரும் அந்த ஒற்றுமைக்கு விலை கொடுத்தவர்கள் அல்லர். தன் தாயின் உடலைச் சுற்றுவழியில் தூக்கிச் சென்ற மகனிடம் ஒரே உடல் என்று போதிப்பது கொடுமை. எறையூரில் தனிப்பங்கு கேட்டவர்கள் சாதியைப் புகுத்த முயலவில்லை. ஏற்கனவே இருந்த சாதிக்கு ஒரு கதவு கேட்டார்கள், வெளியேறுவதற்கு. அந்தக் கோரிக்கை நியாயமானது. அதை ஏற்பது திருச்சபைக்குத் தோல்வி என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேரச் சொல்லும் நேர்மை ஆயர் இல்லத்துக்கு இருந்திருக்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம்.

இந்தச் சாதி எங்கிருந்து வந்தது? ‘பண்பாடு’ என்ற வாசல் வழியாகத்தான். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவியும் பூணூலும் தரித்து, இம்மண்ணின் உடையில் நற்செய்தியைச் சொல்ல முயன்றார். அம்முயற்சியின் துணிவையும் தமிழுக்கு அது தந்த உரைநடையையும் இலக்கிய வாசகர்கள் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் மதுரை மறைப்பணித்தளத்தில் உயர்சாதியினருக்குச் சந்நியாசிக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்ற ஏற்பாடும் அதே துணிவின் தொடர்ச்சியாகவே வந்தது. தேர், கொடியேற்றம், பொங்கல், மொட்டை என்று எல்லாவற்றையும் ஞானஸ்நானம் கொடுத்து எடுத்துக்கொண்டோம். தேரோடும் தெரு எது, ஓடாத தெரு எது என்பதும் கூடவே வந்துவிட்டது. அதற்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கொடுக்காமலேயே அது உள்ளே அமர்ந்துகொண்டது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம் இதன் கட்டடக்கலைச் சான்று. பீடத்தில் சேரும் இரு கால்களாக அது கட்டப்பட்டது. இரு சாதியினரும் குருவானவரைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910இல் தடுப்புகள் அகற்றப்பட்டதும் உயர்சாதியினர் நீதிமன்றம் சென்றார்கள். ஆலயத்துக்குள் சாதிப் பிரிவினையை உரிமையாகக் கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. கிறித்தவத்தின் அரிச்சுவடியைக் கிறித்தவர்களுக்கு ஒரு நீதிமன்றம் சொல்லித்தர வேண்டியிருந்தது.

ஆகவேதான், நவீனம் விசுவாசத்தைக் கெடுக்கிறது என்ற புலம்பலை நம்மால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. அரசியல் சாசனம், பேருந்து, பள்ளிக்கூடம், அம்பேத்கர் படம், பத்திரிகை, உயர் நீதிமன்றம் ஆகிய நவீனப் பொருட்கள்தாம் எறையூரின் தலித் மக்களுக்குத் தம் அவமானத்தை அவமானம் என்று பெயரிட்டு அழைக்கக் கற்றுக்கொடுத்தன. கேடு பழையது. மருந்தில் பாதி புதியது.

அந்த நவீன அரசும் சுத்தமானதில்லை என்பது வேறு கதை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். இதன் வினோதம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே தெரியும். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் எந்த மதத்தைத் தழுவினாலும் பழங்குடித் தகுதி நீடிக்கும். அந்தத் தகுதிக்கு மத நிபந்தனை இல்லை. மலையிறங்கிச் சமவெளிக்கு வந்தால், ஞானஸ்நானம் பெற்ற தலித் அரசின் பதிவேட்டில் பிற்படுத்தப்பட்டவர் ஆகிவிடுகிறார். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்குக் கிடைப்பதில்லை. எறையூரில் வீடு தாக்கப்பட்டவர், தலித் என்பதற்காகவே தாக்கப்பட்டார். காவல் நிலையத்தில் மட்டும் அவர் தலித் இல்லை.

இந்த ஆணையை எதிர்த்துத் திருச்சபை பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறது. நாமும் அந்தப் பக்கமே. ஆனால் அதிலுள்ள முரணைக் கவனியுங்கள். டெல்லியில் திருச்சபை வைக்கும் வாதம், மதம் மாறினாலும் சாதி மாறுவதில்லை என்பது. உள்ளூரில் ஒரு பங்கைப் பற்றிப் புகார் எழுந்தால் கிடைக்கும் பதில், இது சில தனிமனிதர்களின் பிரச்சினை, பேசித் தீர்த்துவிடலாம் என்பது. மனுவுக்கு ஒரு சாதி, மறையுரைக்கு வேறொன்று! 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பாராட்டுக்குரிய ஆவணம்தான். எறையூருக்கு எட்டு ஆண்டுகள் கழித்து வந்தது.

இலக்கியம் இவ்வளவு தாமதிக்கவில்லை. துறவற மடத்துக்குள் சாதியைக் கண்டு வெளியேறிய பாமா, ‘கருக்கு’ நூலை 1992இலேயே எழுதிவிட்டார். 1994இல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ இன்னும் சங்கடமான இடத்துக்குப் போகிறது. அதன் ஆரோக்கியமும் சவுரியும் தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார்கள். மாதாவையும் அந்தோணியாரையும் நம்பிப் பிழைக்கும் கிறித்தவர்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கீழேயும் ஒடுக்கப்பட்டவர்கள் உண்டு என்று காட்டிய அந்நாவல் சர்ச்சைக்குள்ளானது வியப்பில்லை. எறையூரைப் பற்றிப் பேசும் நாம், தனிப்பங்கு கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணாதிருக்க ஆரோக்கியத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது.

வழக்குகள் இன்னும் முடியவில்லை. கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கைச் சேர்ந்த தலித் கிறித்தவர்கள், ஆலய நிர்வாகத்திலும் திருவிழாவிலும் பாகுபாடு என்று முறையிட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 2025 பிப்ரவரியில் அந்த மனுவின் மீது நோட்டீஸ் அனுப்பப்பட்டது. பொதுக் கல்லறை, ஒரே பாடை, எல்லாச் சாவுக்கும் ஒரே சாலை, எல்லாத் தெருவுக்கும் தேர். இவற்றுக்கு உச்ச நீதிமன்றம் எதற்கு? ஒரு மறைமாவட்டச் சுற்றறிக்கை போதும். அதை மீறும் ஊரில் அந்த ஆண்டுத் திருவிழாவுக்குக் கொடியேற்ற மறுக்கும் குருக்கள் வேண்டும். ஊர் கொந்தளிக்கும் என்பார்கள். வடக்கன்குளத்தில் சுவரை எடுத்தபோதும் ஊர் கொந்தளிக்கத்தான் செய்தது.