பருத்திக் காய்க்குள் ஒரு தறி

விளக்குக்குத் திரி திரிக்கும்போது விரல்களுக்கிடையே வழுக்கும் பஞ்சில் ஓர் இழையை மட்டும் பிரித்தெடுத்துப் பாருங்கள். அது என்னவென்று கேட்டால், நார் என்போம். தாவர சாஸ்திரிகள் சொல்லும் விடை வேறு: அந்த இழை முழுவதும் ஒரே ஒரு ஸெல்! பருத்தி விதையின் மேல்தோலிலுள்ள ஸெல்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று, பூ மலரும் தினத்திலேயே சிறு கொப்புளம்போல் புடைத்து வெளிக் கிளம்புகிறது. மூன்று வாரங்களுக்குள் அது ஓர் அங்குலம் நீண்டுவிடுகிறது. தன் அகலத்தைப்போல் 1,000 மடங்குக்கும் மேற்பட்ட நீளம் இது.

தாவர ஸெல் சுவருக்குள் அடைபட்ட பிராணி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் இதன் அருமை விளங்கும். உள்ளே புகுந்த நீர், சுவரை ஓயாமல் வெளிப்புறமாக நெருக்குகிறது. மோட்டார் டயரிலுள்ள காற்றின் அழுத்தத்தை இந்நெருக்கம் மிஞ்சுவதும் உண்டு. சுவர் நொய்ந்ததானால் ஸெல் வெடித்துப்போகும். மிக உறுதியானதானாலோ வளரவே இடமிராது. குடியிருந்தபடியே வீட்டைப் பெரிதாக்கவேண்டும், சுவரும் சரியக்கூடாது! நம் கொத்தனாரிடம் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். செடியில் இவ்வேலையைச் செய்பவை என்ஸைம்கள்.

என்ஸைம் என்பது, தான் செலவாகாமல் ஓர் இரசாயன மாறுதலை விரைவில் நடத்திவைக்கும் புரதப் பொருள். தமிழில் நொதி என்றும் வழங்குகிறோம். முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து இவ்வினத்தில் முதலாவதைப் பிரித்தெடுத்தவர்கள், பிரான்ஸ் தேசத்து பாயேன், பெர்ஸோ என்ற இருவர், ஆண்டு 1833. அந்தப் பாயேனே 1838-ல் செடிகளின் சுவர்ப் பொருளையும் தனியே பிரித்து ஆராய்ந்தார். அதற்கு ஸெல்லுலோஸ் என்ற பெயரும் அவரால் வந்ததே. ஆனால் தாம் கண்ட இவ்விரண்டு வகைப் பொருள்களுக்குமுள்ள உறவு முழுவதும் தெளிவாக ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

ஸெல்லின் மேற்சவ்வில், ஆறிதழ்ப் பூவைப்போன்ற அமைப்பில் ஸெல்லுலோஸ் ஆக்கும் என்ஸைம்கள் கூட்டமாகப் பதிந்திருக்கின்றன. இலையில் உண்டான சர்க்கரையிலிருந்து வரும் குளுகோஸை ஒன்றன்பின் ஒன்றாக அவை கோத்துச் சங்கிலியாக்கி வெளியே தள்ளுகின்றன. பல சங்கிலிகள் நெருங்கிப் படிந்து ஒரு நுண்ணிழையாகின்றன. நம் ஊரில் தறி நிற்கும், நூல் ஓடும். இங்கே நூல் நிற்கிறது, தறி சவ்வின்மீது ஓடுகிறது! செடிகளில் இவ்வென்ஸைமை ஆக்கும் ஜீன்கள் எவையென்பது 1996-ல்தான் துலங்கிற்று. டெல்மர் என்ற அமெரிக்க அம்மையாரும் அவருடைய சகாக்களும் அவற்றைக் கண்டெடுத்தது பருத்தி இழையிலேயே.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கை. இலையிலிட்ட அன்னத்தின் மாவும், இடுப்பில் கட்டிய வேஷ்டியும் அதே குளுகோஸால் ஆனவைதாம். கோத்த விதம் மட்டுமே வேறு. மாவின் கோவையை அவிழ்க்க நம் உடலில் என்ஸைம் உண்டு. வேஷ்டியின் கோவையை அவிழ்க்க இல்லை. என் வகுப்பில் இதைக் கேட்டதும் பையன்கள் தங்கள் சட்டைகளை ஒரு தினுசாகப் பார்த்துக்கொள்வார்கள்.

கட்டுவோர் கதை இது. இனி, தளர்த்துவோர். வளரவேண்டிய சமயத்தில் ஸெல் தன் சுவரில் அமிலத்தைச் சுரந்து புளிப்பேற்றுகிறது. புளிப்பேறியதும் எக்ஸ்பான்ஸின் என்ற புரதம் நுண்ணிழைகளுக்கிடையே உள்ள பிடிப்பை நெகிழ்த்திவிடுகிறது. 1992-ல் வெள்ளரி நாற்றில் இதைக் கண்டவர்கள் மக்வீன்-மேஸனும் காஸ்குரோவும். இது எதையும் வெட்டுவதில்லையாதலால் கண்டிப்பாகப் பார்த்தால் என்ஸைம் என்று சொல்லவொண்ணாது. ஆயினும் அக்கூட்டத்தோடு சேர்ந்து உழைப்பது. வேறோர் என்ஸைம், இழைகளைப் பிணைக்கும் சர்க்கரைச் சங்கிலிகளை ஓரிடத்தில் வெட்டி, வெட்டிய நுனியை உடனே மற்றொரு சங்கிலியோடு ஒட்டவைக்கிறது. பிணைப்பு மாறுகிறது, சுவர் அறுவதில்லை. பீப்பாய்க்கு இரும்பு வளையம் போட்டாற்போல் நுண்ணிழைகள் குறுக்கே சுற்றியிருப்பதால், தளர்ந்த சுவர் பருக்க வழியின்றி நீளவாட்டில் மட்டும் நீளுகிறது.

மூன்றாவது வாரத்தை ஒட்டித் தளர்த்தும் வேலை ஓய்கிறது. அதன்பின் உட்புறமாக அடுக்கடுக்காய் ஸெல்லுலோஸ் படிந்து சுவர் தடிக்கும். அதில் 100-க்கு 90 பங்குக்கு மேல் ஸெல்லுலோஸே. குடியானவனுடைய இலாபமும் நஷ்டமும் இந்த இரண்டு பருவங்களில் அடங்கியிருக்கின்றன. முதற்பருவத்தில் வயல் வறண்டால் இழை குட்டையாகும். பிறகு எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் அந்நீளம் திரும்பாது. இரண்டாம் பருவத்தில் குளிர் மிகுந்தாலோ, செடி நோயுற்றாலோ, சுவர் மெலிந்துபோகும். சாயத் துணியில் ஆங்காங்கே வெளுத்த புள்ளிகள் தெரிந்தால், சாயக்காரரை வைவதற்குமுன் சற்று யோசியுங்கள். சுவர் தடிக்காத இழைகள் சாயத்தைச் சரியாக ஏற்பதில்லை.

கடைசியில் காய் வெடிக்கிறது. ஸெல் மடிந்து, நீர் வற்றிச் சுவர் மட்டும் எஞ்சுகிறது. உருண்டையாயிருந்த குழல் தட்டையாகி, நுண்ணிழைகள் சரிந்து சுற்றியிருக்கும் காரணத்தால் நாடாவைப்போல் முறுக்கிக்கொள்கிறது. நூற்கும்போது ஓரிழையை மற்றோரிழை பற்றிக்கொள்வது இம்முறுக்கினால்தான். இலவம் பஞ்சு பார்வைக்கு இதைவிட அழகு, தொட்டால் பட்டு. ஆனால் அதற்கு இந்த முறுக்கு இல்லை. ஆகவே அது தலையணைக்குள் போகிறது.