பசறையிலிருந்து கடலுக்கு: எந்தக் கரை, எந்த மாதம்?

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. பசறைத் தோட்டங்களில் இருப்பவர்கள் கடலைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. மொனராகலை, சியம்பலாண்டுவ ஊடாகப் பொத்துவிலுக்கு இறங்கலாம். இல்லாவிட்டால் வெல்லவாய வழியே கதிர்காமம் போய், அப்படியே கிரிந்தைக் கரையையும் பார்த்துவிட்டு வரலாம். எங்கள் சனம் பஸ் பிடித்துப் போவதும் பெரும்பாலும் இரண்டு காலங்களில்தான்: ஆடியில் கதிர்காமம், டிசம்பர் விடுமுறையில் கிழக்கு.

இரண்டுமே கடல் கொந்தளிக்கும் காலம். ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று தெற்குக் கரையை அறைகிறது. டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குக் கரையை அறைகிறது. கிழக்குக் கடல் அடங்கியிருப்பது ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலோ மலையிலோ இருக்கிறார்கள். நாட்காட்டி செய்யும் இந்தச் சதியைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இப்போது எங்கள் இளைஞர்கள் குளிக்க மட்டுமல்ல, தூண்டிலோடும் போகிறார்கள். வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் அலைக்குள் நின்று ‘ஃபிளை ஃபிஷிங்’ செய்யும் காணொளிகளைப் பார்த்து வந்த ஆசை இது. இறகும் நூலும் கட்டிய போலி இரையை, கனமான தூண்டில் கயிற்றின் வீச்சாலேயே தூர எறியும் முறை. மலைநாட்டுக்கு இது புதிதல்ல. 1880களிலேயே வெள்ளைக்காரத் துரைமார் நுவரெலியா ஓடைகளில் ட்ரவுட் மீனை விட்டு இப்படித்தான் பிடித்தார்கள். ஓடை அவர்களுடையது, கொழுந்துக்கூடை எங்களுடையது.

ஓடையில் கால் வழுக்கினால் நனைவோம். கடலில் கதை வேறு. கரையில் நின்று மீன் பிடிப்பவர் முதலில் தேடுவது, வெள்ளை நுரை வரிசையாக உடையும் இடத்தில் நுரையே இல்லாத ஓர் இடைவெளியை. அங்கே நீர் சற்றுக் கறுத்து, அமைதியாகத் தெரியும். மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளம் இருப்பதால் அலை அங்கே உடைவதில்லை. இரை அடித்து வரப்படுவதால் மீன் அங்கே காத்திருக்கும். ஆனால் கரையில் குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாசலும் அதுதான். விநாடிக்கு இரண்டு மீற்றர் வேகத்தில் கூட இழுக்கும். நல்ல நீச்சல்காரரும் எதிர்த்து வர முடியாது. கடலை அறியாதவர் ‘அலை இல்லாத இடம், பயமில்லை’ என்று இறங்குவதும் அதே இடத்தில்தான். மீனுக்கு நல்ல இடம் மனிதருக்குக் கூடாத இடம். தூண்டில் போடுபவர் ஈர மணலில் நின்று அந்தப் பள்ளத்துக்குள் இரையை எறியலாம், தான் இறங்கக் கூடாது. இழுபட்டுவிட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி இழுவையை விட்டு விலக வேண்டும்.

வடக்கு, கிழக்கு வாசகருக்குப் ‘பாதுகாப்பான கடற்கரை’ என்ற சொல் வேறொன்றை நினைவூட்டும். பாஸ் நடைமுறை, கடற்படை வேலி, மிதிவெடிப் பலகை. மயிலிட்டி மீனவர்கள் தமது துறைமுகத்துக்குத் திரும்ப 1990இலிருந்து 2017 வரை காத்திருந்தார்கள். பக்கத்திலே காங்கேசன்துறைக் கரையில் இராணுவம் ஹோட்டல் நடத்தியது. மலையகத்திலிருந்து 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வன்னிக்குப் போனவர்களில் பலர் 2009இல் கடைசியாக ஒதுங்க நேர்ந்ததும் முள்ளிவாய்க்கால் கரையில்தான்.

பாதுகாப்பு யாருக்கு என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. 2024 ஒக்ரோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்பேயில் தாக்குதல் நடக்கலாம் என எச்சரித்தது. உடனே பொலிஸாரும் படையினரும் அங்கே குவிந்தார்கள். அது தேவையான நடவடிக்கை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒவ்வொரு டிசம்பரிலும் முன்கூட்டியே தெரிந்த ஆபத்துக்கு, தோட்டத்து பஸ்கள் வந்து நிற்கும் கரைகளில் ஓர் உயிர்காப்பாளரை நிறுத்த எந்தத் தூதரகத்தின் கடிதம் வேண்டும்? கல்குடா – பாசிக்குடா போல ஆழம் குறைந்த, அலை அடங்கிய கரையில் போருக்குப் பின் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. தோணி ஏற்றும் இடம் சுருங்கியது என்று மீனவர்கள் முறையிட்டார்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரை கரையோர வலயம். அது காகிதத்தில். வாசலில் நிற்கும் காவலாளியிடம் சட்ட இலக்கம் எடுபடுவதில்லை.

அதுவரை ஒரு வழி உண்டு. பொத்துவிலிலோ கல்குடாவிலோ இறங்கியதும் கரைவலைப் பாடு எங்கே என்று கேளுங்கள். பாறையும் முருகைக்கல்லும் வலையைக் கிழிக்கும் என்பதால், அடி மணலாக இருக்கும் இடத்தில்தான் கரைவலை இழுப்பார்கள். கடல் கெட்ட மாதத்தில் தோணி மேலே ஏறியிருக்கும். தோணி மேலே கிடந்தால் தூண்டிலையும் பஸ்ஸிலேயே வைத்துவிடுங்கள்.